கொக்ரிக்கோ இல்லாத சுவர்

எங்கள் டொபாகோ தீவின் பறவைக்கு வெட்கம் என்பதே கிடையாது. பெயர் கொக்ரிக்கோ, கத்துவதும் அதையேதான். கோழி அளவு இருக்கும், பழுப்பு நிறம். விடிவதற்கு முன்பே கூட்டமாக வந்து தக்காளிப் பாத்தியில் இறங்கிவிடும். ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து. முழுதாகத் தின்றாலாவது பசி என்று விட்டுவிடலாம். நான் கல்லை எடுத்தால் பக்கத்து வீட்டு ஹெஸ்கத் குவாஷி வேலியருகே வந்து நின்றுகொள்வார்.

"அது தேசியச் சின்னத்துல இருக்கிற பறவை, வெர்லின். கல்லக் கீழ போடு."

ஹெஸ்கத் கப்பல் துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊர் மன்றத் தலைவர். தினமும் காலையில் வாசலில் பப்பாளி நறுக்கிப் போட்டு இந்தத் திருட்டுக் கூட்டத்தை வளர்க்கிறார். அவர் வாசலில் பலகாரம், என் தோட்டத்தில் விருந்து.

தக்காளி போட்டது போக மிச்ச நேரத்தில் நான் பெயர்ப்பலகை எழுதுகிறேன். ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மன்றத்தின் முன்சுவரில் தேசியச் சின்னத்தை வரையும் வேலை என்னிடம் வந்தது. திங்கட்கிழமை திறப்பு விழா, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து துணை அமைச்சர் வருகிறார். கேடயம், மூன்று கப்பல்கள், தேன்சிட்டுகள், உச்சியில் எங்கள் தென்னை மரம் எல்லாம் முடித்துவிட்டேன். இடது பக்கம் எங்களோடு ஒரே நாடாக இருக்கும் பெரிய தீவு டிரினிடாட்டின் மூன்று மலைகள், அவற்றின் மேல் அவர்களுடைய பறவை, சிவப்பு அரிவாள்மூக்கன். வலது பக்கம் எங்கள் குட்டித் தீவு. அதன் மேல் கொக்ரிக்கோ மட்டும் பாக்கி.

சனிக்கிழமை என் தோட்டத்தில் பறிப்பு. வழக்கப்படி கைகொடுக்க அக்கம்பக்கத்தார் கூடையோடு வந்தார்கள். அவர்களுக்காக நண்டுக் குழம்பும் மாவு உருண்டையும் ஆக்கி வைத்திருந்தேன். பறிக்கத்தான் ஒன்றும் இல்லை. எல்லாப் பாத்தியும் கொத்துப்பட்டுக் கிடந்தது. வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பினார்கள். நேரே மன்றத்துக்குப் போய் ஏணியை மடக்கினேன்.

ஹெஸ்கத் ஓடி வந்தார். "என்ன பண்ற? பறவை எங்க?"

"என் தோட்டத்துல இருக்கு. போய்ப் பாருங்க தலைவரே."

"விளையாடாத. நாளான்னிக்கு விழா."

"நீங்க பப்பாளி போடறத நிறுத்துங்க. நான் சுவத்துல பறவையப் போடறேன்."

"நிறுத்த மாட்டேன். அந்தச் சின்னத்துல நமக்குன்னு ஒரு மரம், ஒரு பறவை, அவ்ளோதான். அதையும் டொபாகோக்காரியே விட்டுட்டா டிரினிடாட்காரன் சும்மா இருப்பானா?"

"அத வச்சு என் வீட்ல உலை கொதிக்குமா?"

அவர் முகம் கறுத்தது. "அமைச்சர் கேப்பாரு, உங்க பறவை எங்கன்னு. மைக்கப் பிடிச்சு உன் பேரச் சொல்லுவேன். ஊரே காறித் துப்பும்."

"தாராளமா சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் பதில் சொல்றேன்."

எனக்கு வேண்டியதும் அதுதான். இந்தப் பறவைத் தொல்லையைச் சொல்ல எத்தனையோ முறை விவசாய அலுவலகப் படியேறிவிட்டேன், யாரும் காது கொடுக்கவில்லை. அமைச்சர் எல்லோர் முன்னாலும் பறவை எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

விழாவன்று ஹெஸ்கத் கோட்டு மாட்டிக்கொண்டு முன்வரிசையின் ஒரு கோடியில் இருந்தார். மறு கோடியில் நான், மடியில் கொத்துப்பட்ட தக்காளிக் கூடை. துணை அமைச்சர் ரிப்பன் வெட்டிவிட்டுச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஹெஸ்கத் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ரொம்ப அழகு," என்றார் அமைச்சர். "ரெண்டு தீவும் ஒரே சுவத்துல. ஒண்ணையும் விடல நீங்க."

வலது பக்கம் கொக்ரிக்கோ இல்லாமல் வெறும் சுண்ணாம்பாக இருந்த இடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

ஹெஸ்கத் பாதி எழுந்தபடியே நின்றார். அமைச்சர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. நான் பறவையை விட்டது எங்கள் தீவுக்காரர்களுக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஹெஸ்கத் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்.

"ஏறு."

"உங்களுக்காக ஏறல."

"தெரியும். உன்மேல எனக்குக் கோவம் தீரல. ஏறு."

வரைந்தேன். அரிவாள்மூக்கனைவிடப் பெரிதாக, அந்த மூன்று மலைகளையும் முறைத்துக்கொண்டு நிற்கும்படி வரைந்தேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி இறகைத் தீட்டும்போது கீழேயிருந்து சொன்னார்.

"அலகுல ஒரு தக்காளி போடு."

குனிந்து பார்த்தேன். கேலியாகத் தெரியவில்லை.

"கொத்துன தக்காளியா போடு. அப்பவாவது எவனாவது கேக்கறானா பாப்போம்."

போட்டேன். மறுநாள் விடியலில் அவர் வாசலில் பப்பாளி நறுக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து கல் பொறுக்கப் போனேன்.