கதாநாயகனின் தவிப்பு

நாடகம் எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் அழகேசனுக்கு அதுவரை சோறு போட்டதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் ஒரு நாடகம் எழுதுவான். சனங்கள் சிரிப்பார்கள், மறுநாள் எல்லோரும் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போய்விடுவார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அதனால் லாரிச் சத்தம் கேட்டாலே ஆம்பிளைகள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடினார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைக் கையில் வைத்திருந்த, கணக்கு எழுதுகிற பெரிய கிராணி ஹெர்பர்ட், அழகேசனைக் கூப்பிட்டார்.

"ஒரு நாடகம் எழுதுடா. சனங்க தானா வந்து லாரியில ஏறணும். நாடகத்துல ஆடுறவன ஜப்பான்காரன் தொடமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. மத்த தோட்டத்துலயும் நீங்க ஆடணுமில்ல."

அழகேசனுக்குத் தம்பி பழனியாண்டி ஞாபகம்தான் வந்தது. தம்பி பெண்சாதி இராசாத்தி நிறைமாதக்காரி. அவனைக் கதாநாயகன் ஆக்கிவிட்டால் தப்பித்தான். ஊரார் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வியும் வரத்தான் செய்தது. அழகேசன் அதை உள்ளேயே போட்டு மூடிவிட்டான்.

முதலில் எழுதியது உருப்படவில்லை. கதாநாயகனுக்குப் பசி, சயாமில் அரிசி, மார்தட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். ஒத்திகை பார்த்த கிராணி கொட்டாவி விட்டார்.

"இதப் பார்த்து ஒரு கோழி கூட லாரியில ஏறாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள மாத்து. இல்லன்னா உன் தம்பிதான் மொத ஆளு."

குறை எங்கே என்று அழகேசனுக்குத் தெரியும். பசியோடு மட்டும் மல்லுக்கட்டுகிறவனை யார் நம்புவார்கள்? அவன் தன் மனசோடும் மல்லுக்கட்ட வேண்டும். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்க வேண்டும். அப்படித் தவிக்கிறவன் அழகேசன் வீட்டிலேயே இருந்தான், தம்பி பழனியாண்டி. தன் பங்கு மரவள்ளிக்கிழங்கை இராசாத்தி பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறவன், "நான் இருந்து இவளுக்கு என்னண்ணே கிழிச்சேன்?" என்று கூலிகளின் லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்று அழுதவன். அந்த அழுகையை அழகேசன் அப்படியே வசனமாக்கினான். வெட்கக்கேடு, எழுதும்போது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிறு சாயங்காலம், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் சாக்குப் படுதா கட்டினார்கள். ஓரமாகக் காலி லாரி நின்றது; ஆனாலும் நாடகம் என்றதும் சனங்கள் வந்து கூடினார்கள். வசனம் எடுத்துக் கொடுக்க அழகேசன் படுதாவுக்குப் பின்னால் நின்றான். தேவையே படவில்லை.

"போனா இவ மொகத்த எப்பப் பார்ப்பேன்? இருந்தா இவ பட்டினியில சாவுறதத்தானே பார்ப்பேன்?" என்று பழனியாண்டி கேட்டபோது களமே ஓவென்று அழுதது. கதாநாயகன் சயாமுக்குக் கிளம்புவதோடு நாடகம் முடிந்ததும், கூட்டத்திலிருந்து சின்னையா எழுந்து லாரிப் பக்கம் நடந்தான். பின்னால் தர்மலிங்கம், அவர் மகன், இன்னும் பலர். கிராணி கைதட்டினார்.

பழனியாண்டி மேடையிலேயே நின்று பார்த்தான். பிறகு முகத்து அரிதாரத்தைக்கூடத் துடைக்காமல் இறங்கி லாரியை நோக்கிப் போனான். அழகேசன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"டேய், உனக்கில்லடா! நீ நடிச்சாப் போதும்டா!"

"என் பேச்சக் கேட்டுத்தானேண்ணே ஏறுறானுங்க? அவனுங்கள ஏத்திவிட்டுட்டு நான் எப்படிண்ணே வீட்டுக்குப் போறது?" கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "இராசாத்தியப் பார்த்துக்கண்ணே."

ஆள் ஒன்று கூடினால் ஜப்பான்காரனுக்கு என்ன கசக்கவா போகிறது? லாரி கிளம்பிவிட்டது.

களத்து ஓரத்தில் இராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு அழுதாரே மாமா, அது நெசமா, நீங்க எழுதிக் குடுத்ததா?"

"நெசந்தாம்மா. அவன் மனசுல இருந்ததத்தான் எழுதினேன்."

"அவரு மனசு தெரிஞ்சுதானா, அத அவரு வாயாலேயே ஊருக்குச் சொல்ல வச்சீங்க?"

அதற்குள் கிராணி வந்து நின்றார்.

"அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டம். வேற ஆளு இல்லன்னா நீயே ஆடு. ஆடலன்னா இந்தப் புள்ளைக்கு அரிசி கெடையாது."

அடுத்த ஞாயிறு அழகேசனே அரிதாரம் பூசிக்கொண்டான். அழுகை தானாக வந்தது; அங்கேயும் பெண்கள் அழுதார்கள், அங்கேயும் லாரி நிறைந்தது. தம்பியைப்போல் இறங்கிப் போய் ஏறிக்கொள்ளலாம் என்றுதான் அவனுக்கும் இருந்தது. ஆனால் இராசாத்திக்கு அரிசி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.