கட்டிலுக்கு அடியில் இருந்தவள்

"மூஞ்சியத் தொடைச்சிட்டு வந்து உக்காரு. எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்காத."

இரும்புக்கடைக்காரர் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார். மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

நாட்டின் தலைவரைச் சுட்டுக் கொன்று, ஊரெல்லாம் கலவரம் வெடித்து இருபத்தைந்து வருடமாகிறது. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். கடைக்காரர் அந்தக் கதையை ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வீட்டில் சொன்னதில்லை. கேமராவைப் பார்த்ததும் அந்த வித்தியாசம் மறந்துபோயிற்று.

"தெருமுனையில பஸ் எரியுது. போலீஸ் சுடுது. இவளையும் கைக்குழந்தையையும் பின்ரூம்ல கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். பீரோவ இழுத்து வாசக்கதவுக்கு முட்டுக் குடுத்தேன். வெளிய ஒருத்தன் கதவ இடிக்கிறான். 'அத்தான், அத்தான், தொறங்க'ன்னு கதறுறான். நான் அசைவேனா?"

"பயங்கரம் சார்" என்றாள் பேட்டி எடுத்த பெண்.

கடைக்காரரை அத்தான் என்று கூப்பிட ஒருவன்தான் இருந்தான். மனைவியின் தம்பி. செருப்புத் தைப்பவரின் மகளைக் கட்டிக்கொண்டதால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாதென்று தள்ளி வைக்கப்பட்டவன். கலவரத்துக்கு மறுநாள் அடுத்த தெருவில் பிணமாகக் கிடந்தான். "உங்க வீட்டுக்குத்தான் அண்ணி ஓடி வந்தாரு. பாத்தவங்க சொல்றாங்க" என்று தம்பி மனைவி வாசலில் வந்து அழுதாள். யாரும் வரவில்லை என்று கடைக்காரர் குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பின் அறையில் குழந்தையின் அழுகையைத் தவிர எதுவும் கேட்டிராத அக்காக்காரி அந்தச் சத்தியத்தை நம்பினாள். அழுதவளைப் பொய்க்காரி என்று திட்டித் துரத்தினாள்.

"நீங்க அன்னைக்கு எங்கம்மா இருந்தீங்க?" என்று பேட்டிக்காரப் பெண் மைக்கைத் திருப்பினாள்.

"கட்டிலுக்கு அடியில. கதவத் தட்டினது என் தம்பி."

"ஏய், அவன் யாரோ கலவரக்காரன்டி."

"கலவரக்காரனுக்கு நீங்க என்ன முறை?"

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். "இவளுக்கு பிரஷர் இருக்கும்மா. இத வெட்டிடுங்க."

வெட்டிவிடுகிறோம் என்றார்கள். கேமரா பெட்டிக்குள் போய், வண்டி கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார்.

"தொறந்திருந்தா? செருப்புத் தைக்கிறவன் மருமகன நடுவீட்டுல உக்கார வெச்சு சோறு போட்டிருப்பியா?"

அவள் பீரோவில் இருந்து இரண்டு புடவையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

தம்பி மனைவி ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. பையோடு நிற்பவளைப் பார்த்தும் தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"நீ அன்னைக்குச் சொன்னது நெஜம்தான். அவரே சொல்லிட்டாரு."

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்ல வந்தீங்களா அண்ணி?" துணியைத் திருப்பிப் போட்டாள். "அழுதுக்கிட்டு நான் சொன்னேன், அது பொய். ஜம்பம் அடிச்சு அவரு சொன்னாரு, அது நெஜம். நான் செருப்புத் தைக்கிறவர் பொண்ணா இல்லாம இருந்திருந்தா, அன்னைக்கே நம்பியிருப்பீங்க."

அக்காவுக்குப் பையைக் கீழே வைக்கத் தைரியம் வரவில்லை. ஆனால் திரும்பிப் போகவில்லை.