ஐந்து பேர் கொள்ளும் பிரபஞ்சம்

1

இந்தக் கதை ஒரு பீற்றலில் பிறந்தது. பீற்றிக்கொண்டவன் நான்தான். பதினோரு வாரங்களாக, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்: "இந்த ஞாயிறும் ஹவுஸ்ஃபுல்." சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனாலும் அது பொய்தான். எப்படி என்று சொல்கிறேன்.

நான் இணையத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்துகிறேன். பெயர் 'நாதப் பிரபஞ்சம்'. ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை. இலவசமாக இடம் தருகிற ஒரு சேவையில் நடத்துவதால் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் கேட்க முடியும். ஆறாவது ஆள் வந்தால் 'இடமில்லை' என்று ஒரு வரி காட்டித் திருப்பி அனுப்பிவிடும். ஐம்பது பேருக்கான திட்டமும் உண்டு. அதற்கு மாதாமாதம் கட்டவேண்டும் என்று வீட்டில் சொன்னபோது எனக்குக் கிடைத்த பார்வையை வர்ணிக்கும் திறமை இந்த எழுத்தாளனுக்கு இல்லை.

ஆக, பிரபஞ்சம் ஐந்து பேர் கொள்ளும்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

"காற்றலைகளின் பேரரசர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து கண்களை மூடினார். அவரது குரலுக்காக உலகமே—"

என் மனைவி ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். எதையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அவள் பழக்கம். இந்தத் தாளையும் அப்படியே பிடித்தாள்.

"யாரு இவரு?"

"கதாநாயகன்."

"நம்ம வீட்ல துணி காயப்போடற ரூம்ல, தலையோட போர்வையப் போத்திக்கிட்டு மைக்ல பேசறாரே, அவரா?"

"போர்வை எதுக்குன்னா, வெளிச் சத்தம் உள்ள வராம—"

"பேரரசர் போர்வைக்குள்ள இருந்தாருன்னு எழுதுங்க. அப்பதான் நாலு பேராவது நம்புவாங்க."

எழுதிவிட்டேன். நீங்கள் அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

"அவன் ஓர் எளிய மனிதன். இசைக்காகத் தன் வாழ்க்கையையே—"

இது அதைவிட மோசம். என் வாழ்க்கையை நான் எதற்கும் அர்ப்பணிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் பொருத்துகிறேன்.

[இசைக் கதையில் லிப்ட் எதற்கு என்று கேட்கிறீர்கள். லிப்ட் இல்லாவிட்டால் எங்களிடம் இசையே இல்லை. கொஞ்சம் பொறுங்கள், அடுத்த பகுதிதான்.]

3

புகழ்பெற்ற பாட்டுகளைப் போட உரிமை வாங்கவேண்டும். அதற்கு வழியில்லை. ஆகவே தெரிந்தவர்களில் யாருக்கு எதை வாசிக்கத் தெரியுமோ, அவர்களை வாசிக்கவைத்து நானே பதிவு செய்யத் தொடங்கினேன். ஸ்டுடியோவுக்கு எங்கே போவது? எங்களிடம் இருந்தது, கூண்டு இன்னும் பொருத்தாத லிப்ட் குழிதான்.

முதலில் வாசித்தவர் எங்கள் வெல்டர். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். பதினான்கு மாடிக் கட்டடம், சாப்பாட்டு நேரம். குழியின் அடித்தளத்தில் கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு புல்லாங்குழலை எடுத்தார். ஊதினார். அந்தச் சத்தம் இருட்டுக்குள் ஒவ்வொரு மாடியாக ஏறியது. உச்சியில் போய் நின்றது. திரும்பி இறங்கியது. அது இறங்கி வருவதற்குள் அவர் அடுத்த வரியை ஊதியிருந்தார். மேலிருந்து வந்த பழைய வரியும் கீழிருந்து போன புதிய வரியும் ஏழாவது மாடியில் எங்கேயோ சந்தித்துக்கொண்டன.

அண்ணாந்து பார்த்தேன். கதவு வைக்காத ஒவ்வொரு திறப்பிலும், தடுப்புக் கம்பிக்கு மேலே ஒரு தலை. பூச்சு வேலைக்காரர்கள், ஓடு பதிப்பவர்கள், பெயிண்டர்கள். பதினான்கு மாடித் தலைகள். ஒருவரும் அசையவில்லை.

வெல்டர் குழலை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், குழி திருப்பி வாசிக்குதுய்யா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் அதைக் கேட்டால் அப்படித்தான்.

அப்பேர்ப்பட்ட பதிவுக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? 'நாதம் என்பது யாது?' என்று இருபத்தைந்து நிமிடம் முன்னுரை பேசினேன்.

4

இனி அந்த ஐந்து பேர்.

என் அக்கா ஒருத்தி. அவள் கணவர், அதாவது அத்தான், இன்னொருவர். இருவரும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த நாற்காலியில், தனித்தனி போனில் கேட்கிறார்கள். ஒரே போனில் கேட்டால் என்ன என்று கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "அந்த மனுஷன் நடுவுல நடுவுல சவுண்டக் கொறைப்பாருடா. அதுவும் நீ பேசறப்ப மட்டும்."

மூன்றாவது, எங்கள் தெருமுனைப் பல் டாக்டர். ஞாயிறு மாலையும் கிளினிக் திறந்திருக்கும். "உங்க முன்னுரைய ஓடவிட்டா பேஷண்டுக்கு மரத்துப்போற ஊசி பாதி போதும் சார்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான்காவது, என் மனைவி. அடுத்த அறையில், காதில் இயர்போனோடு துணி இஸ்திரி போட்டபடி.

ஐந்தாவது... இந்த வாக்கியத்தை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். ஐந்தாவது நான்.

காரணம் இருக்கிறது. ஒருமுறை மைக் ஒயர் கழன்றுபோய் நாற்பது நிமிடம் வெறும் நிசப்தம் போனது. (இதுவரை வந்ததிலேயே அதுதான் நல்ல நிகழ்ச்சி என்பது அத்தானின் கருத்து.) அன்றிலிருந்து, ஒலி வெளியே போகிறதா என்று பார்க்க ஒரு பழைய போனில் நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். அது காரணம். உண்மை வேறு. நான் பேசுவது அந்தப் போனில் அரை நிமிடம் தாமதமாக வரும். அரை நிமிடத்துக்கு முந்தைய நான் பேசுவதைக் கேட்டு, 'என்னமா பேசறான்!' என்று போர்வைக்குள் தலையாட்டுவேன்.

5

எங்கள் மேற்பார்வையாளர் ஹவுஸ்ஃபுல்லை நம்பவில்லை. அத்தாட்சி காட்டுவதற்காக, அந்தச் சேவையில் நான் ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். வருகைப் பதிவு. 'ஐந்து, ஐந்து, ஐந்து' என்று இருக்கும் என நினைத்தேன். இருந்தது. அதற்குக் கீழே இதுவும் இருந்தது:

4:01 இடமில்லை. 4:02 இடமில்லை. 4:04 இடமில்லை. 4:09. 4:13. 4:20.

பிறகு 4:31. 4:32. அப்படியே 4:58 வரை.

எல்லா வரியிலும் ஒரே இணைய எண். ஒரே ஆள். முந்தைய ஞாயிறைப் பார்த்தேன். அதற்கு முந்தையதையும். பதினோரு வாரம்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். எதைக் கொடுத்தாலும் 'வைரஸ்' என்பார் என்பதால் அவருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"இது ஆளே இல்ல சார், ஏதோ புரோகிராம். இன்டர்நெட் பூரா இப்படித்தான் கதவு கதவா தட்டிக்கிட்டுத் திரியும். பேசாம விடுங்க."

நிம்மதியாக இருந்தது. மனிதன் இல்லையென்றால் மனச்சாட்சியும் வேண்டாமல்லவா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அந்தப் பட்டியலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது மிஷின் இல்லங்க."

"வைரஸ் சொன்னாரே—"

"அவரு கெடக்காரு. மிஷின்னா ஒரே கணக்கா தட்டும். இதப் பாருங்க. மொதல்ல அவசரம். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் தயங்கித் தயங்கி. நாலு இருபதுக்கு, 'சரி போ'ன்னு விட்டுட்டாங்க." விரல் அடுத்த வரிக்கு வந்தது. "நாலு முப்பத்தொண்ணுக்கு மனசு கேக்கல. திரும்ப வந்துட்டாங்க. மிஷினுக்கு மனசு விட்டுப்போகுமா?"

நான் அந்தப் பதினோரு நிமிட வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர். எங்கேயோ ஓர் அறை. கையில் போன். எனக்காக, இல்லை, எனக்காக என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழிக்காக, வாராவாரம் ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

6

ஆறாவது ஆள் யார்? கதை எழுதுகிறவனுக்கு இது அல்வா மாதிரி. எழுதித் தள்ளினேன்.

"ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடந்த அந்தப் பெண்மணிக்கு ஒரே ஆறுதல்—" மனைவி: "எங்க ஆஸ்பத்திரிய விட்டுடுங்க."

"கண் தெரியாத ஒரு வயலின் கலைஞர்—" கண் தெரியாமல் 'இடமில்லை'யை எப்படிப் படித்தார் என்று கேட்டாள். கிழித்தேன்.

"பதினான்காவது மாடியில் அன்றைக்குத் தலை நீட்டிய ஒரு பெயிண்டர்—" இதை மட்டும் அவள் இரண்டு முறை படித்தாள். ஆனால் இதற்கும் ஆதாரமில்லை. நிறுத்திவிட்டேன்.

அவரிடம் எதையாவது சொல்லவும் வழியில்லை. அடுத்த ஞாயிறு ஒலிபரப்பில் உருக்கமாக மன்னிப்புக் கேட்டேன். உடனே அக்காவின் போன் வந்தது. "எங்ககிட்ட எதுக்குடா மன்னிப்புக் கேக்கற? வெளிய நிக்கறவங்களுக்குத்தான் அது கேக்காதே!"

7

லிப்டில் ஆள் கூடிவிட்டால் மணி அடிக்கும், கதவு மூடாது, தெரியுமல்லவா? எல்லாரும் கடைசியாக ஏறியவரைப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே கனமான ஆள் மட்டும் கூரையைப் பார்ப்பார். இருபது வருடமாகக் கவனித்திருக்கிறேன்.

ஓர் இடம் காலியாகவேண்டும். இந்த இடத்தில், கண்ணீர் வரவழைக்கும் ஒரு முடிவு எழுதினேன்: "அவள் புன்னகையோடு இயர்போனைக் கழற்றி வைத்தாள். 'என் இடம் அவருக்கு' என்றாள். தியாகத்தின்—"

அவள் படித்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

"நீ பக்கத்து ரூம்லதானே இருக்க. கதவத் தொறந்து வெச்சா—"

"வீட்ல என்னை எப்படிக் கூப்பிடுவீங்க? 'ஏய், இங்க பாரு.' ரேடியோல? 'அன்பார்ந்த நேயரே.' வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்கு மரியாத கெடைக்குது. அத நான் விடமாட்டேன்."

இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அதோட அந்தக் குழல் எனக்கும் வேணும். எல்லாரையும் எழுப்பிப் பாக்கறீங்களே, நீங்க எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

8

அந்த ஞாயிறு. போர்வை, மைக், மடியில் கணினி, காதில் பழைய போன். கையில் பன்னிரண்டு பக்க முன்னுரை.

"உலகெங்கும் வாழும் நேயர்களே!"

கணினித் திரையில் ஐந்து. கீழே: 4:01 இடமில்லை.

"நாதம் என்பது யாது?" 4:02 இடமில்லை.

போனை அணைத்தால் நான் பேசுவது வெளியே போகிறதா என்றே தெரியாது. இரண்டாவது பக்கத்தைப் புரட்டினேன். அரை நிமிடத்துக்கு முந்தைய நான் காதுக்குள் கம்பீரமாகக் கேட்டான்: 'நாதம் என்பது யாது?' அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த ஆளைக் கேட்டு எனக்கே எரிச்சல் வந்தது.

4:04 இடமில்லை.

போனின் முதுகைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினேன்.

ஐந்து, நான்கானது. பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தினேன். 4:05. ஒன்றுமில்லை. 4:06. ஒன்றுமில்லை. நான்கு, நான்கு, நான்கு. மனம் விட்டுப் போய்விட்டாரோ? பதினோரு நிமிட இடைவெளி இன்றைக்கு முன்னதாகவே வந்துவிட்டதோ?

4:07. ஐந்து.

'இடமில்லை' என்ற வரி வரவில்லை. வெறும் ஐந்து. இத்தனை வாரமாகப் பார்த்த அதே ஐந்து.

பன்னிரண்டு பக்கமும் மறந்துபோனது. "வாங்க" என்றேன். பிறகு, "உக்காருங்க." வேறெதுவும் தோன்றவில்லை. வெல்டரின் குழலை முதலிலிருந்து போட்டேன்.

அது எனக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கிருந்த ஒரே வழி பேட்டரியில்லாமல் தரையில் கிடந்தது. போர்வையை எடுத்துவிட்டேன். சத்தமே இல்லாத அறையில், காயும் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பதினான்கு மாடி உயரத்துக்கு ஓர் இசையை அனுப்பிக்கொண்டிருந்தேன். திரையில் ஐந்து அசையவில்லை. கதவிடுக்கில் மனைவி தெரிந்தாள். இஸ்திரி போடவில்லை. கண்ணை மூடியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான், எந்த வரி போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.

ஐந்து மணிக்கு முடிந்தது. நான்கு பேர் உடனே போனார்கள். ஒருவர் மட்டும், ஒன்றுமே ஒலிக்காத வெற்று நிகழ்ச்சியில், மேலும் மூன்று நிமிடம் இருந்தார்.

ஓடிப்போய் மனைவியிடம் காட்டினேன்.

"டாக்டரா இருக்கும். கையில உறை மாட்டியிருப்பாரு, போனைத் தொட்டிருக்க முடியாது" என்றாள். ஆனால் அந்த 'ஒன்று' அணையும்வரை அவளும் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

9

முடிவு வேண்டும் என்கிறீர்கள். மூன்று வைத்திருந்தேன். ஆறாவது ஆளிடமிருந்து கடிதம் வருகிறது. அடுத்த ஞாயிறு அவர் வரவேயில்லை. வைரஸ் சொன்னதே சரியாகிவிடுகிறது. மூன்றையும் அழகாக எழுதிவிடுவேன், அதுதான் சிக்கல். அழகாக எழுதிவிட்டு, மேலே போய்த் திருப்பிப் படித்து, 'என்னமா எழுதறான்!' என்று தலையாட்டுகிற ஒருவன் இந்தக் கதைக்குள்ளும் ஆரம்பத்திலிருந்து ஓர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறான். இதற்குமேல் எழுதுவதை நான் திருப்பிப் படிக்கப்போவதில்லை. சரியாக வந்ததா, ஒயர் கழன்றதா, எனக்குத் தெரியாது.

எழுந்துகொண்டேன். இடம் காலியாக இருக்கிறது, கடைசி வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வாங்க, உக்காருங்க.

குழல் நின்றது. உச்சி மாடியிலிருந்து கடைசி வரியும் மெல்ல இறங்கி வந்து அடங்கியது. ஐந்து மணி தாண்டியும் போனை வைக்காமல் இருந்தவர்—