பேஸ்ட் காய்வதற்குள்

ரபீக் தன் கடையில் ஊரைக் கூட்டும் சைலன்சர் எதையும் மாட்டுவதில்லை. செங்கம் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். அவன் மெக்கானிக் கடைக்கு மேலேயே வரிசையாக வாடகை அறைகள். மௌனத்தைத் தேடி விமானம் ஏறி வந்தவர்கள். கீழே ஸ்பேனர் விழுந்தால் மேலே ஒரு ஜன்னல் திறக்கும். அதனால் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்வான். வெயிலோ மழையோ, அப்படித்தான்.

கட்டடத்தின் சொந்தக்காரர் கோதண்டராமன் போன மாதம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இன்னொரு தபா சத்தம்னு கம்ப்ளெயின்ட் வந்தா கடைய காலி பண்ண வேண்டியதுதான் ரபீக்கு." சொல்லிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். "நீ எனக்கு மூத்த புள்ள மாதிரி. அதான் உரிமையா சொல்றேன்."

அந்த 'மாதிரி'யைக் கேட்டுக் கேட்டு ரபீக் நம்பிவிட்டான். ஆரம்பத்தில் அவரை சார் என்றுதான் கூப்பிட்டான். "என்னா சாரு மோருனு, அப்பானு கூப்புடு" என்று அவர்தான் மாற்றினார். ரபீக் தன்னைப் பெற்றவரை அத்தா என்று அழைத்தவன். அப்பா என்ற சொல் அவனிடம் யாருக்கும் கொடுக்காமல் இருந்தது. எடுத்து இவருக்குக் கொடுத்துவிட்டான். பின்கட்டில் இருக்கும் அவர் வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் ரபீக், அவருக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ரபீக். பெற்ற பிள்ளை ராஜா சென்னையில் வேலையில் இருந்தான்.

லீவில் வந்த ராஜா ஒரு வியாழக்கிழமை காலையில் பைக்கோடும் ஒரு பார்சலோடும் கடைக்கு வந்து நின்றான்.

"ரபீக்கண்ணா, ஆன்லைன்ல சைலன்சர் வாங்கினேன். மாட்டிக் குடுங்க."

ரபீக் பிரித்துப் பார்த்தான். குட்டையாக, பளபளவென்று இருந்தது. கையில் எடுத்ததுமே இது எப்படிக் கத்தும் என்று தெரிந்துவிட்டது. "அப்பாவுக்குத் தெரியுமா தம்பி?"

"நேத்தே சொல்லிட்டேன்."

கோதண்டராமன் பட்டா வேலையாக வேங்கிக்கால் போயிருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் பையன் பேச்சை நம்பவில்லை என்றாகும். அண்ணன் தம்பிக்குள் அது அசிங்கம் என்று ரபீக் நினைத்தான். ஆமாம், அண்ணன் தம்பி என்றுதான் நினைத்தான், பாவி.

இறங்கிவிட்டால் அவன் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ஆயில் விட்டு ஊறவைத்துக் கழற்றினான். எஞ்சின் வாயில் ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட் வளையத்தைச் சுரண்டி எடுத்தான். அதன்மேலேயே புதியதை வைத்து முடுக்குகிற சோம்பேறிகள் உண்டு. அவர்கள் மாட்டியதில் சீக்கிரமே புகை கசியும். புது கேஸ்கெட் வைத்துப் பைப்பைப் பொருத்தினான். பைப்பும் சைலன்சரும் சேரும் இடம் கொஞ்சம் லூசாக இருந்தது. அங்கே சூடு தாங்கும் பேஸ்ட்டை விரலால் சுற்றிப் பூசி, சைலன்சரை உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு முடுக்கினான். கூடவே வந்திருந்த, சத்தத்தை அமுக்கும் சின்னக் குழாயைச் சைலன்சர் வாயில் செருகி ஸ்க்ரூ போட்டான்.

"பேஸ்ட் காயணும் தம்பி. சாயங்காலம் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. அப்புறம் ரோட்டுக்குத் தள்ளிக்கினு போயி, சூடு பண்ணி, ஆற வெச்சு, போல்ட்ட இன்னொரு தபா முடுக்கணும். அந்தக் குழாய மட்டும் கழட்டவே கழட்டாதீங்க."

"சரிண்ணா."

மதியம் ரபீக் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போனான். தொழுதுவிட்டுத் திரும்பும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. நடுநடுவே பட்டாசு போல டப் டப் என்று வெடிப்பு. செருப்பு கழல ஓடினான்.

கடை வாசலில் ராஜா வண்டிமேல் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. ராஜாவின் அம்மா ஆதிலட்சுமி கற்பூரத் தட்டோடு நின்றாள். சைலன்சரிலிருந்து கழற்றிப்போட்ட சின்னக் குழாய் தரையில் உருண்டு கிடந்தது. காயாத பேஸ்ட்டைச் சூட்டுக்காற்று பிய்த்துத் தள்ளியிருந்தது. அந்த இடைவெளியில்தான் வெடிப்பு.

"நிறுத்துங்க தம்பி!"

"நான்தாம்பா ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்" என்றாள் ஆதிலட்சுமி. "புதுசா மாட்டியிருக்குது, ராகு காலம் பொறக்கறதுக்குள்ள ஒரு தபா கெளப்பிட வேணாமா?"

"ரோட்டுக்குத் தள்ளிக்கினு போயிருக்கலாமேம்மா."

"பூஜை போட்ட வண்டிய யாராச்சும் பொணம் மாதிரி தள்ளிக்கினு போவாங்களா?"

மேலே பால்கனி நிறைந்துவிட்டது. வெள்ளையுடை உடுத்திய ஒரு வெளிநாட்டு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். சற்று நேரத்தில் அவளும் பக்கத்து அறைக்காரர்களும் பெட்டியோடு இறங்கிவந்தார்கள். அவர்கள் ஆட்டோ ஏறும் நேரம் பார்த்துக் கோதண்டராமன் வந்து சேர்ந்தார்.

"எவ்ளோ தபா சொன்னேன் உனக்கு? இதுக்குத்தான் எடம் குடுத்தேனா?" மாடியில் மிச்சமிருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று ரபீக்கைப் பார்த்துக் கத்தினார்.

ரபீக் ராஜாவைப் பார்த்தான். ராஜா போனைப் பார்த்தான். ஆதிலட்சுமி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நான் ஸ்டார்ட் பண்ணலப்பா. உங்ககிட்ட சொல்லிட்டேன்னு தம்பிதான் சொன்னாரு."

"அவன் என்னாண்ட ஒண்ணும் சொல்லல. அவன் என் புள்ள, ஆசப்படுவான், என்னா வேணா சொல்லுவான். உனக்கு எங்க போச்சு புத்தி? மாட்டினது நீதானே? இந்த மாசத்தோட காலி பண்ணிடு."

கோபம் ஆறினால் கூப்பிடுவார் என்று ரபீக் காத்திருந்தான். வெட்கம் கெட்டுக் காத்திருந்தான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தான். அவர் கூப்பிடவில்லை. கஃபே வைக்கப்போகிறேன் என்று ஒருவன் டேப்போடு வந்து, ரபீக் வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுவரை அளந்துவிட்டுப் போனான்.

காலி செய்கிற நாளில் குட்டியானை வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. டப் டப் என்று வெடித்தபடி ராஜாவின் பைக் வந்து நின்றது. பின்னாலேயே கோதண்டராமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, போறதுக்கு முன்ன அந்த ஜாயின்ட்ட மட்டும் அடைச்சிக் குடுத்துடுங்க" என்றான் ராஜா. "வேற மெக்கானிக்காண்ட போனா சரியா செய்ய மாட்றாங்க."

கோதண்டராமன் சிரித்தார். "செஞ்சி குடுத்துட்டுப் போ ரபீக்கு. கடைய காலி பண்ணா உறவு வுட்டுப்போயிடுமா? நீ என்னிக்கும் என் மூத்த புள்ள மாதிரிதான்."

ரபீக் குட்டியானையில் ஏறினான். டூல் பெட்டியைத் திறந்து, பாதி தீர்ந்த பேஸ்ட் டியூபை எடுத்தான். இறங்கி வந்து அதைக் கோதண்டராமன் கையில் வைத்தான்.

"பூசிட்டு, காயற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. காஞ்சப்புறம் சூடு பண்ணி, ஆற வெச்சு, திரும்ப முடுக்கணும். அதுவரைக்கும் நான் இங்க இருக்க மாட்டேன்" என்றான். "உங்க புள்ளையவே பூசச் சொல்லுங்க, சார்."

கோதண்டராமன் கையில் டியூபோடு நின்றார். ரபீக் ஏறிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னான்.