மாடிக்குப் போகும் ஒயர்

"இன்னிக்கு நாலு மணிக்குக் கையெழுத்துப் போடறேன்" என்று அக்கா காலையில் சாவகாசமாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரின் மறுகோடியில் அலுவலகத்துக்கு வாடகை அறை பார்த்துவிட்டாளாம். நாங்கள் இருவரும் மூன்று வருடமாக வீட்டிலேயே படத்தொகுப்பு செய்கிறோம். கீழே நான், மாடியில் அவள். எடுத்த படமெல்லாம் என் மேஜைக்கு அடியில் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும். ஒரு நாள் படப்பிடிப்பு அதிலிருந்து மாடிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

"அங்க ஒரே மேஜைடி. இந்தக் காத்திருப்பே இருக்காது" என்றாள்.

அவளோடு அங்கே போகவும் எனக்கு மனமில்லை, அவளில்லாமல் இங்கே உட்காரவும் மனமில்லை.

"நாலு மணி வரைக்கும் டைம் குடு. வேகம் வரலைன்னா நானே கொண்டுபோய் விடறேன்."

முந்தாநாளே வரச்சொல்லியிருந்த, சேமிப்புப் பெட்டியையும் கணினிகளையும் இணைக்கும் புது ஸ்விட்ச் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புப் பெட்டி, பழையதைவிட இருபத்தைந்து மடங்கு வேகம். எங்கள் கணினிகள் அந்த வேகத்துக்கு எப்போதோ தயார். நடுவில் இருந்த பழைய ஸ்விட்ச்தான் முட்டுக்கட்டை. அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதில் ஒயர்களை மாட்டினேன். ஒரு நாள் படப்பிடிப்பு மூன்று நிமிடத்துக்குள் என் கணினியில் வந்து விழுந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படிக்கட்டுக்கு ஓடிப்போய், "இப்போ எடுத்துப் பாரு" என்று கத்தினேன்.

"ஒரு மணி நேரம்னுதான் காட்டுது" என்றாள் மேலேயிருந்து.

ஸ்விட்சில் மற்ற விளக்கெல்லாம் பச்சை. மாடி ஒயருக்கு மட்டும் ஆரஞ்சு, அதாவது பழைய வேகம். அந்த ஒயரை இழுத்தவர் அக்காவின் கணவர். எலக்ட்ரீஷியன். சாப்பிட வந்திருந்த அத்தானிடம் விளக்கைக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அதுல எட்டுக் கம்பி இருக்கு. பழைய ஸ்விட்சுக்கு நாலு போதும்னாங்க. மிச்ச நாலு சும்மாதானே கிடக்குதுன்னு..."

"கிடக்குதுன்னு?"

"வாசல் பெல்லுக்குக் குடுத்துட்டேன். மாடியில உங்கக்காவுக்குக் கேக்கணுமில்ல."

மாடிச் சுவரில் மூடியைக் கழற்றினால் உண்மைதான். நாலு கம்பி கணினிக்கு, நாலு கம்பி பெல்லுக்கு. புது வேகத்துக்கோ எட்டும் வேண்டும். டேப் சுற்றி என்ன சுத்தமான வேலை! இவர் கண்ணுக்கு ஒரு கம்பி சும்மா இருக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மணி மூன்று பத்து.

"பெல்லைக் கழட்டுங்க அத்தான்."

"யாராவது வந்தா?"

"கதவைத் தட்டட்டும். கை இருக்குல்ல."

மேல் முனையில் அவர், கீழ் முனையில் நான். எட்டுக் கம்பியையும் வரிசையாகப் பிடித்துப் பிளக்கில் நுழைத்தோம். மாட்டினால் மறுபடி ஆரஞ்சு. என் பக்கம் இரண்டு கம்பி இடம் மாறியிருந்தது. வெட்டி எறிந்துவிட்டு இன்னொரு பிளக் போட்டேன். பச்சை.

அக்கா கைப்பையோடு பாதிப் படி இறங்கியிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை அக்கா. காப்பி பண்ணாதே. சேமிப்புப் பெட்டியில இருக்கறபடியே ஓட்டிப் பாரு."

பையைப் படியிலேயே வைத்துவிட்டு ஏறினாள். பிறகு மேலே படம் ஓடும் ஒலி கேட்டது. நின்றது. அதே காட்சி மறுபடி ஓடியது. மறுபடியும்.

"ஆத்தங்கரைக் காட்சியை யாருடி பாதியில வெட்டினது?"

"நான்தான். நீளமா இருந்துச்சு."

"நீளமாம்! மேல வா, நீளம்னா என்னன்னு காட்டறேன்."

அவள் என்னோடு இப்படிச் சண்டை போட்டு மூன்று வருடமாகிறது. ஒரு மணி நேரம் காத்திருந்து கைக்கு வரும் காட்சிக்காக யாருக்கும் சண்டை போடத் தெம்பிருக்காது. கிடைத்ததை ஒட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். அது இவ்வளவு நாளும் என் மண்டையில் ஏறவில்லை.

"நாலு மணி ஆச்சு அக்கா" என்றேன் வேண்டுமென்றே.

"அந்த ரூம்காரருக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லச் சொல்லு உங்கத்தானை. நீ முதல்ல மேல வா."

படியில் கிடந்த பையைத் தாண்டி, திட்டு வாங்க இரண்டிரண்டு படியாக ஏறினேன்.