வரம்புக்கு மேல் இருந்த பணம்

அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தவள், வாசலில் கணவனின் குரல் கேட்டுக் கையை நிறுத்தினாள். ஆறு வருஷமாக இந்த வீட்டுப் படி ஏறாத மனுஷன். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அதற்குள் இவர் வந்து ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்றுதான் அவள் கிடந்து தவித்தாள்.

சண்டை ஊர்ப் பணத்தால் வந்தது. அப்பா அப்போது நகராட்சிப் பொருளாளர். ஊர்ப் பணம் போட்டிருந்த பேங்கின் மேனேஜர் இவர். பொதுப்பணத்தை ஒரே பேங்கில் இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. அந்த வருஷம் வரி வசூல் அதைத் தாண்டியதும், அப்பா மிச்சத்தையெல்லாம் வேறு பேங்குகளுக்கு மாற்றிவிட்டார். இவர் கெஞ்சிப் பார்த்தார். அப்பா மசியவில்லை. வரவிருந்த பதவி உயர்வு கைநழுவிப் போனதில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்தான், அப்புறம் இறக்கவே இல்லை.

போன வருஷம் அந்த பேங்கே திவாலானது. ஊர்ப் பணத்தில் சிறு பங்குதான் அதில் மாட்டியது. துப்புரவுத் தொழிலாளிகளுக்குச் சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அன்றோடு இவருடைய கோபம் போய்விட்டது. வெட்கம்தான் விடவில்லை.

இப்போது உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, அன்னைக்கு நீங்க அந்தப் பணத்த எடுக்காம விட்டிருந்தா, ஊரே என் சட்டையப் பிடிச்சிருக்கும். என்னைக் காப்பாத்தினது நீங்கதான். இதச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாச்சு."

அப்பா கண்ணைத் திறந்தார். "சட்டம் மட்டும் குறுக்க நிக்கலேன்னா, எல்லாத்தையும் உங்ககிட்டயே குடுத்திருப்பேன் மாப்ள." மூச்சு வாங்கியது. "பொண்ணையே குடுத்தவன்."

"அதுக்கு மட்டும் வரம்பே கிடையாதாக்கும்," என்றாள் அவள். மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள்.

மத்தியானம் அப்பா போய்ச் சேர்ந்தார். அவள் அழுதாள். நல்லவேளை பேசிக்கொண்டார்களே என்று அந்த அழுகைக்குள்ளேயே மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் துப்புரவுத் தொழிலாளிகள் வேலை முடிந்து சீருடையோடு வந்தார்கள். வாசல் கேட் அருகே, மாமனாரோடு பேச்சே இல்லாதிருந்த பழைய மேனேஜரைப் பார்த்ததும் தயங்கி நின்றார்கள்.

"வாங்க, வாங்க," என்று அவர் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். "மாமா உள்ளதான் இருக்கார்."