பஞ்சாபகேசனுக்கு மண் வேண்டும்

செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. "அக்கா, பஞ்சாபகேசன் சாப்பிட மாட்டேங்கறார்" என்றான் கிச்சா.

ஜானு கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கதவோரம் நின்றாள். தி.நகரிலிருந்து மயிலாப்பூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். பிறகு மூன்று மாடி. அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலிருந்தது. இனிமேல்தான் காப்பி கலக்கவேண்டும், குக்கர் வைக்கவேண்டும், லாரித் தண்ணீர் வந்ததா என்று கீழ்வீட்டில் விசாரிக்கவேண்டும். இதற்கு நடுவில் பஞ்சாபகேசன்.

"கரப்பான் பிடிச்சுப் போட்டியா?"

"போட்டேன். மூஞ்சிக்கு நேரா ஓடறது. பாத்துண்டே இருக்கார். நாக்கை நீட்டலை."

"பசிச்சாத் தின்னும்டா. என்னைக் கொஞ்சம் உக்கார விடு."

கிச்சா பால்கனிக்குத் திரும்பிப் போனான்.

பஞ்சாபகேசன் ஒரு பச்சோந்தி. போன வருஷம் பக்கத்துத் தோட்ட வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்காக மரங்களை வெட்டினார்கள். வேப்பமரத்தோடு தரையில் விழுந்த பச்சோந்தியைக் கண்டதும் ஆட்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிச்சா, வாசற்படி தாண்டியே வருஷக்கணக்கான கிச்சா, துண்டோடு கீழே ஓடி அதைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டான். நந்தியாவட்டைத் தொட்டியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் சேர்த்து வைத்து, சுற்றிலும் கொசுவலை கட்டினான். பேரும் அவன் வைத்ததுதான். அவன் வேலை பார்த்த ஆபீசில் பஞ்சாபகேசன் என்று ஒரு சூப்பரின்டெண்ட் இருந்தாராம். பெரிய அதிகாரி முன்னால் ஒரு நிறம், குமாஸ்தாக்கள் முன்னால் வேறு நிறம். இதைச் சொல்லிவிட்டுக் கிச்சா சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே ஜானு அந்த ஜந்துவை வீட்டில் இருக்கவிட்டாள்.

கிச்சா அவளுக்கு ஒன்பது வயது இளையவன். ஒருநாள் ஆபீசிலிருந்து பாதியில் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், திரும்ப வேலைக்குப் போகவில்லை. யார் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்றான். மாத்திரைகள் அந்தக் குரல்களை அடக்கின. கூடவே கிச்சாவையும் பெருமளவு அடக்கிவிட்டன. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், மூத்தவன் ராகவேந்திரன் நங்கநல்லூரில் தன் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டான். கிச்சாவை ஜானு பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகாததால் அதை யாரும் பேசி முடிவு செய்யவேண்டிய அவசியமே வரவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. லஸ்ஸில் லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ரத்தம் இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஆகாது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லியிருந்தாள். ஜானு அண்ணாவுக்கு போன் பண்ணிப் பத்து நாள் கிச்சாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். பெண்ணுக்கு அரைப்பரீட்சை முடியட்டும் என்றான். அவள் சரி என்று போனை வைத்துவிட்டு, ஆபீசுக்கு இரண்டு புடவைத்துணி கூடுதலாக எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காப்பி டம்ளரோடு பால்கனிக்குப் போனவள் பச்சோந்தியைப் பார்த்துத் திகைத்துப்போனாள். எப்போதும் உச்சிக் கிளையில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருப்பது, இப்போது கீழே சிமெண்டுத் தரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தது. இலைப்பச்சை போய், உடம்பெல்லாம் கறுத்து மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. விலாவில் கோலிகுண்டை அடைத்த பை போல அங்கங்கே முண்டு முண்டாக இருந்தது. மூலைக்குப் போனதும் முன்னங்காலால் சிமெண்டைப் பறண்டியது. மறுபடி நடந்தது. மறுபடி பறண்டியது.

"எப்போலேர்ந்துடா இப்படி?"

"புதன்கிழமைலேர்ந்து கீழ எறங்கறார். தண்ணி மட்டும் நெறையக் குடிக்கறார். எலைல தெளிச்சா நக்கிண்டே இருக்கார். கைல ஏறிப்பாரே, இப்போ கையை நீட்டினா வாயைத் தெறந்து சீறறார். செத்துப்போயிடுவாரா?"

கிச்சாவின் முன்னால் நேற்று ராத்திரி வைத்த சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் ஜானு காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள். இவன் சாப்பாட்டை நிறுத்தினால் அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். இரண்டு தரம் ஆஸ்பத்திரிவரை போய் வந்தவள்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டாள். பூக்கூடையில் துண்டை விரித்துப் பச்சோந்தியை வைத்து, மேலே மூடி கட்டி, அடையாறுக்கு ஆட்டோ பிடித்தாள். கிச்சா வாசற்படிவரை வந்து நின்றுகொண்டான். அதற்குமேல் அவனால் வர முடியவில்லை. நாய்களும் பூனைகளுமாக நிறைந்திருந்த கிளினிக்கில் ஜானு கூடையை மடியில் வைத்து, தன் முறை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்மணி, "கிளியா மாமி?" என்று கேட்டாள். ஜானு ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் ஜெயபாரதி சின்ன வயதுக்காரி, திருநெல்வேலிப் பக்கம். கூடையைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. பச்சோந்தியின் வயிற்றை விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மேடம், இதுக்குப் பேரு வச்சிருக்கீங்களா?"

"பஞ்சாபகேசன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது பொண்ணுல்லா மேடம். வயிறு பூரா முட்டை."

"இது தனியாத்தானே இருக்கு? வேற பச்சோந்தியே கெடையாதே."

"துணை இல்லன்னாலும் முட்டை வரும். கோழி இடலையா? அது மாதிரிதான். பொரிக்காது, ஆனா இட்டாகணும். அதுக்குத்தான் கீழ எறங்கி எடம் தேடுது. சாப்பிடாது, யாரும் கிட்ட வந்தாப் பிடிக்காது, நெறம் மாறும். சீக்கெல்லாம் இல்ல. மண்ணுல ஆழமாக் குழி பறிச்சு உள்ள போய்த்தான் இடும். மண்ணு கெடைக்கலன்னா உள்ளயே அடக்கிக்கிடும்."

"அடக்கிண்டா?"

"செத்துப்போயிரும் மேடம்."

ஒரு முழ ஆழத்துக்கு மண் வேண்டும், கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவுக்கு ஈரம் வேண்டும், தோண்டும்போது யாரும் பார்க்கக்கூடாது, ஆளைக் கண்டால் பாதியில் விட்டுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். பிறகு, "இதைக் காட்டுலேர்ந்து பிடிச்சு வளக்கக் கூடாது, சட்டம் இருக்கு. தேறினதும் மரம் இருக்கற எடமாப் பாத்து விட்டுருங்க" என்றாள். ஜானு தலையாட்டினாள். மயிலாப்பூரில் எந்த மரம் என்று கேட்கத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும், "டேய், பஞ்சாபகேசன் பொம்மனாட்டியாம்டா" என்றாள். கிச்சா சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம் இரண்டுதரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். "மண்ணா?" என்று மட்டும் முணுமுணுத்தான்.

மண்ணுக்கு எங்கே போவது? ஃப்ளாட்டைச் சுற்றி ஒரு கையகலம் விடாமல் சிமெண்டு போட்டிருந்தார்கள். தொட்டிகளில் இருந்ததெல்லாம் வேர். தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மை ஜானு குடம் குடமாகக் காலி செய்து பால்கனிக்கு உருட்டினாள். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் கட்டடம் கட்டும் இடத்துக்குப் போனாள். மேஸ்திரி அக்பர் பாஷா பீடியைக் கீழே போட்டார்.

"இன்னாம்மா வோணும்?"

"கொஞ்சம் மண்ணு. தோண்டி எடுத்தது இருந்தாலும் போறும்."

"பூச்செடி வெக்கவா?"

பச்சோந்தி முட்டையிட என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமாம்" என்றாள்.

"வெறும் ஆத்து மணலு வோணாம்மா, நிக்காது. தோ, அஸ்திவாரத்து மண்ணு கீது, ரெண்டையும் கலந்து எத்தினி வோணுமோ அள்ளிக்கினு போ" என்று மண்வெட்டியை அவரே எடுத்துக்கொடுத்தார்.

முதல் பக்கெட்டை எப்படியோ கொண்டு சேர்த்தாள். இரண்டாவது பக்கெட்டோடு இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவையில் ஈரம் கசிவது தெரிந்தது. பக்கெட்டைப் பார்த்தாள். திடீரென்று அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. லேடி டாக்டர் கட்டி என்றபோதும், அண்ணா பரீட்சை என்றபோதும் வராத அழுகை, ஒரு பக்கெட் மண்ணுக்கு வந்தது.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. கிச்சா இறங்கி வந்துகொண்டிருந்தான். சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாக.

"குடு" என்று பக்கெட்டைப் பிடித்தான்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "அது புதன்கிழமைலேர்ந்து எறங்கறது, தண்ணி குடிக்கறது, எல்லாம் கணக்கா சொல்றே. கூட இருக்கறவளை ஒருநாளாவது பாத்தியாடா?"

கிச்சா பக்கெட்டைக் கீழே வைத்தான்.

"பாத்தேன். ரெண்டு மாசமா இங்க வந்து நின்னுட்டுத்தான் மேல வரே. காலடிச் சத்தம் நின்னுபோயிடும். ராத்திரி மோர்சாதம் மட்டும் சாப்பிடறே. குளிக்கற ரூம்ல புடவைத்துணி ஊறிண்டே இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டான். "கேக்கணும்னு இருந்தது. கேட்டா, எல்லாம் என்னாலதான்னு நெனைச்சுண்டு படுத்துடுவேன். அப்பறம் அதையும் நீதான் பாக்கணும்."

அவன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். திரும்ப வந்து, காலி பக்கெட்டோடு அவளைத் தாண்டிக் கீழே இறங்கினான். அவள் அங்கேயே உட்கார்ந்து அவன் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம் பாதி நிறையும்வரை அவன் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் பால்கனிப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று கிச்சா சட்டம் போட்டான். போர்வையைத் திரையாகக் கட்டினான். துணி உலர்த்த இடமில்லாமல் ஜானுவின் புடவைகள் நாற்காலி முதுகில் தொங்கின. ராகவேந்திரன் போன் பண்ணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஓணானுக்குப் பிரசவம் பாக்கறேளா ரெண்டு பேரும்?" என்று சிரித்தான்.

"ஆமாம்ண்ணா. அப்பறம் நான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப்போறேன். மன்னியை ராத்திரி மட்டும் துணைக்கு அனுப்பு."

"கிச்சாவை எங்கே விடறது?"

"எங்கயும் விட வேண்டாம். ஆத்துலயே இருப்பான்."

அது முடியுமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டுதான் செய்வது என்றால் இந்த ஜன்மத்தில் நடக்காது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கிச்சா உதட்டில் விரல் வைத்துக் கூப்பிட்டான். திரையின் ஓரத்தில் ஓட்டை போட்டிருந்தான். ஜானு கண்ணை வைத்துப் பார்த்தாள். பச்சோந்தி தான் தோண்டிய குழியைப் பின்னங்காலால் மூடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மண்ணைத் தள்ளும், நின்று மூச்சு வாங்கும், மறுபடி தள்ளும். விலா ஒட்டிப்போய் எலும்பு தெரிந்தது. முகமெல்லாம் மண். செய்துமுடித்த பெருமையோ நிம்மதியோ அதன் முகத்தில் ஜானுவுக்குத் தெரியவில்லை. அலுப்பு மட்டும் தெரிந்தது. அந்த அலுப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கிச்சா இலைகளில் தண்ணீர் தெளித்தான். அது தள்ளாடிக் குச்சியைப் பிடித்து ஏறி, வெகுநேரம் குடித்தது. மூன்றாம் நாள் ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. டிரம்மில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்த முட்டைகள் கொஞ்ச நாளில் மஞ்சளாகிச் சுருங்கிவிட்டன. கிச்சாதான் அவற்றை வாரிக் கொண்டுபோய்க் கொட்டினான்.

கார்த்திகையில் ராயப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஜானுவுக்கு ஆபரேஷன் நடந்தது. இரவில் மன்னி துணைக்குப் படுத்துவிட்டுக் காலையில் நங்கநல்லூர் போய்விடுவாள். ராகவேந்திரன் ஆபீஸ் போகிற வழியில் கிச்சாவை எட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். ஒருநாள் போனான், மறுநாள் போகவில்லை.

அடுத்த நாள் பதினோரு மணி வாக்கில் கட்டிலருகே யாரோ நிற்பது தெரிந்து ஜானு கண்ணைத் திறந்தாள். கிச்சா. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"எப்படிடா வந்தே?"

"நடந்து. பஸ்ல கூட்டம், பயமா இருந்தது."

"வீட்டைப் பூட்டினியா?"

"பூட்டினேன்."

"கேஸை மூடினியா?"

"மூடினேன்."

"மாத்திரை?"

"போட்டுண்டுட்டேன். ரசம் வச்சேன், உப்பு ஜாஸ்தியாயிடுத்து. அதையே சாப்பிட்டேன்."

அவள் அடுத்த கேள்வியைத் தேடினாள். பதினைந்து வருஷமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த கேள்விகளில் இப்போது எதுவும் வாயில் வரவில்லை. கிச்சா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமா?" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

ஜானு தூங்கிவிட்டிருந்தாள்.